பச்சோந்தியின் ஆகாரம்



பச்சோந்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் முதலில் எழுவது அதன் நிறந்தான். வேளைக்கு ஒரு கொள்கை, ஆளுக்கு ஒரு பேச்சு என்று வாழும் மனிதனைச் சுட்டிக் காட்ட இந்தப் பிராணியின் பெயரைத்தான் எடுத்து வழங்குகிறோம். அரசியல் மேடைகளில் அதன் பெயர் அடிபடாத நாள் அரிது. ஆனால் அந்தப் பிராணி எதை உண்டு வாழ்கிறது, எப்படித் தாகம் தணிக்கிறது, எந்தச் சத்துக் குறைந்தால் நோயுறுகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்கு விடை தெரியாது. அதன் தோலைப் பற்றி அறிந்த அளவுக்கு அதன் வயிற்றைப் பற்றி நாம் அறியவில்லை. இன்று அந்த வயிற்றைப் பற்றியே உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

இந்த அறியாமை நமக்கு மட்டும் உரியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், பச்சோந்தி உணவும் கொள்வதில்லை, நீரும் அருந்துவதில்லை, காற்றை மட்டுமே உண்டு உயிர் வாழ்கிறது என்று எழுதி வைத்தார். அவர் சொன்னதை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நம்பினர். 1646-ஆம் ஆண்டில் தாமஸ் பிரௌன் என்ற ஆங்கில மருத்துவர், மக்களிடையே வழங்கிய பொய்யான நம்பிக்கைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். உண்ணாத பிராணிக்கு நாக்கும் இரைப்பையும் குடலும் எதற்கு என்ற முறையில் வாதிட்டு, அந்த நம்பிக்கையை அவர் மறுத்தார்.

காற்றை உண்ணும் பிராணி என்ற கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. பச்சோந்தி ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு நாழிகைக் கணக்கில் அசையாமல் இருக்கும். அது உண்ணும் நேரமோ கண் இமைக்கும் நேரத்தினும் குறைவு. பல நாட்கள் பட்டினி கிடந்தாலும், நாயைப் போலவோ பூனையைப் போலவோ அது குரல் கொடுத்துக் கேட்காது. பசியை வெளியே காட்டாத பிராணி அது. இந்த இயல்பை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பச்சோந்தியைப் பேணுவதில் நேரும் துன்பங்களில் பெரும்பகுதி இதிலிருந்தே விளைகிறது.

நான் வாழும் கீழப்பழுவூர் அரியலூருக்குத் தெற்கே உள்ளது. பழு என்றால் ஆலமரம். ஊரின் சிவாலயத்துக்கும் ஆலந்துறை என்றே பெயர். பழுவேட்டரையர்கள் ஆண்ட பூமி இது. ஊரைச் சுற்றிலும் ஒருபுறம் புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் நெல் வயல்கள். மற்றொருபுறம் மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியும் விளையும் மேட்டு நிலங்கள். இந்த மேட்டு நிலங்களின் வேலிகளில், ஆவாரஞ்செடியிலும் கிளுவையிலும் உடைமரத்திலும், பச்சோந்தி வாழ்கிறது. ஓந்தி என்பது ஓணான் இனத்துக்கு நம் மொழியில் வழங்கும் பழம்பெயர். பசுமையான ஓந்தி பச்சோந்தி ஆயிற்று. உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கர் தீவிலும் வாழ்பவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது ஒரே இனந்தான். இலங்கையின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரில் தாங்கி நிற்கும் அந்த இனத்தைத்தான் எங்கள் வேலிகளில் காண்கிறோம்.

அது உண்ணும் முறை வியப்புக்குரியது. இரு கண்களும் தனித்தனியே சுழல்கின்றன. வெட்டுக்கிளி ஒன்று பார்வையில் பட்டதும், இரண்டு கண்களும் ஒருசேர அதன்மேல் பதிகின்றன. பிறகு வாய் மெல்லத் திறக்கிறது, நாக்கு பாய்கிறது, பூச்சி மறைகிறது. நாக்கின் நீளம் உடலின் நீளத்தையும் விஞ்சும். நாக்கின் நடுவே ஓர் எலும்புத் தண்டும், அதைச் சுற்றித் தசையும், இடையே சுருட்டி மடக்கிய வில்போன்ற நார் உறைகளும் உள்ளன. வில்லை இழுத்துப் பிடித்து விடுவது போல நாக்கு எறியப்படுகிறது. நாக்கின் நுனியில் சுரக்கும் பசை மனிதனின் உமிழ்நீரைக் காட்டிலும் ஏறத்தாழ 400 மடங்கு கெட்டியானது என்று 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுக் கூறியது.

இத்தகைய நாக்கு, அசைகின்ற இரைக்காகவே அமைந்தது. செத்த பூச்சியைப் பச்சோந்தி பெரும்பாலும் ஏறிட்டும் பாராது. சோற்றையும் பழத்தையும் முன்னே வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. தண்ணீரும் அப்படியே. கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீரை நீர் என்றே அது அறிந்துகொள்வதில்லை. விடியற்காலையில் இலைகளில் தங்கிய பனித்துளியையும், மழைக்குப் பின் சொட்டும் துளியையும் நக்கியே அது தாகம் தீர்த்துக்கொள்கிறது. நிறைந்த கிண்ணத்தின் பக்கத்திலேயே வறண்டு சாகக்கூடிய பிராணி அது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு பச்சோந்தியைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தான். வேலியில் பிடித்ததை நான்கு மாத காலம் வீட்டுக்குள் இருட்டறையில் வைத்து வளர்த்திருக்கிறான். கொடிய மனம் படைத்தவன் அல்லன். பள்ளி விட்டதும் வயலுக்கு ஓடி ஈயும் வெட்டுக்கிளியும் பிடித்து வந்து ஊட்டியவன். இருந்தும் பச்சோந்தியின் முன்கால்கள் வில்லைப் போல வளைந்திருந்தன. கிளையைப் பற்றும் பிடியில் வலுவில்லை. நாக்கு பாதி தூரம் சென்று துவண்டு விழுந்தது. "தினமும் சாப்பிடக் கொடுத்தேன் சார், ஏன் இப்படி ஆயிற்று?" என்று அவன் கேட்டான். நாங்கள் அதைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் அதன் கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்திக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பரைப் போல வளைந்து கொடுத்தது. உடம்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றார் அவர்.

பிறகு அதை வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். அவர்கள் சிகிச்சை செய்வித்தனர். சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது தாடை கெட்டிப்பட்டுவிட்டது என்ற செய்தி கிடைத்தது. ஆனால் வளைந்த கால்கள் நிமிரவில்லை. மரமேற முடியாத பச்சோந்தியை மீண்டும் வேலியில் விட இயலாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். இது நடந்தது எந்த மண்ணில்? அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர் பெற்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகி இன்றும் நிலத்தில் கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு என்ற நிலவியல் அறிஞர் இப்பகுதிப் பாறைகளைப் பற்றி 1862-லேயே விரிவான நூல் எழுதியிருக்கிறார். இந்தக் கல்லை நம்பியே எங்களைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. காலடியில் இத்தனை சுண்ணாம்பு இருக்க, அந்தப் பிராணி சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு நலிந்தது!

காரணம் இதுதான்: மண்ணில் உள்ள சுண்ணாம்பு தானாக எலும்பில் சென்று படிவதில்லை. மண்ணிலிருந்து அது செடியின் இலைக்கு ஏற வேண்டும். இலையைத் தின்ற பூச்சியின் வயிற்றில் அது இருக்க வேண்டும். அந்தப் பூச்சியைப் பச்சோந்தி தின்ன வேண்டும். அதன் பின்னரும் அந்தச் சத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். அந்த வைட்டமினைப் பச்சோந்தி பெரும்பாலும் வெயிலில் காய்ந்து தன் தோலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. மண், இலை, பூச்சி, வெயில் என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எலும்பு மெலிகிறது. பையன் கொடுத்தது பூச்சி என்ற ஒரு கண்ணியை மட்டுமே.  வெயிலோ இருட்டறைக்குள் நுழையவே இல்லை.

மனிதக் குழந்தைகளுக்கும் இதே நோய் வந்ததுண்டு. புகை மண்டிய ஐரோப்பிய நகரங்களில் குழந்தைகளின் கால்கள் வளைந்தன. 1919-ல் பெர்லின் நகரத்தில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், புற ஊதாக் கதிர் வீசும் விளக்கின் ஒளியைக் குழந்தைகளின் மேல் படச் செய்து அந்நோயைக் குணப்படுத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர் காட் மீன் எண்ணெயிலும் அக்குணம் இருப்பதைக் கண்டார். வைட்டமின் டி என்ற பெயர் 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம் சூட்டியது. குழந்தைக்குப் பொருந்திய நியாயம் பச்சோந்திக்கும் பொருந்துகிறது.

உணவு முறைகளைச் சொல்லுமுன் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அயல்நாட்டில் வாழும் நம்மவரும், நகரங்களில் உள்ள சிலரும் வளர்ப்பவை வேறு இனங்கள். ஏமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த கொண்டைப் பச்சோந்தியும், மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியும் அவற்றில் முக்கியமானவை. இவற்றின் வாணிபமும் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுக்குள் அடங்கியது. இவற்றை நம் நாட்டில் வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இனி நான் கூறுபவை, அவ்வாறு முறைப்படி வளர்ப்போருக்கும், மீட்கப்பட்ட பிராணிகளைப் பேணும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் உரியவை.

முதலாவது, பூச்சிகள் பல வகையாக இருக்க வேண்டும். சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, வளர்ப்புக் கரப்பான், பட்டுப்புழு ஆகியவை நல்ல உணவு. மாவுப்புழு போன்ற கொழுப்பு மிக்க புழுக்கள் எப்போதாவது ஒருமுறை கொடுக்கத் தக்கவை. பண்டிகைப் பலகாரத்தை அன்றாடச் சாப்பாடாக்கினால் நமக்கு என்ன நேருமோ அதுவே பச்சோந்திக்கும் நேரும். பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலையின் அகலத்துக்கு மேற்படக் கூடாது. வளரும் குட்டிக்குத் தினமும் உண்ணும் அளவு கொடுக்கலாம். வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தாறு பூச்சிகள் போதும். உண்ணாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவில் கூண்டுக்குள் விட்டுவைக்கலாகாது. அவை உறங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும். மின்மினியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அவற்றில் சில, ஓணான் வகைகளைக் கொன்றுவிடும் நஞ்சுடையவை. மருந்து தெளித்த வயலில் பிடித்த பூச்சியும் நஞ்சேயாகும்.

இரண்டாவது, பச்சோந்திக்கு உணவிடுமுன் பூச்சிக்கு உணவிட வேண்டும். கடையில் வாங்கிய சுவர்க்கோழி பட்டினியாய்க் கிடந்து வருவது. வெறும் கூட்டைத் தின்பதால் என்ன பயன்? ஆகையால் ஒருநாள், இரண்டு நாட்கள் முன்னதாகவே அந்தப் பூச்சிகளுக்கு நல்ல இலைகளைத் தின்னக் கொடுக்க வேண்டும். இதற்கு நம் ஊர் முருங்கைக் கீரைக்கு நிகரானது வேறொன்றில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த இலை அது. கேரட்டும் பப்பாளியும் உடன் சேர்க்கலாம். பாலக் என்ற கீரை இதற்கு ஏற்றதன்று. அதில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடம்பில் சேரவொட்டாமல் தடுத்துவிடும்.

மூன்றாவது, சுண்ணாம்புப் பொடி. பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எலும்புக்கு வேண்டியதோ, சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ இருக்கும் உணவு. இந்தக் குறையை ஈடு செய்யாவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்துச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளை நேயர்கள் அறிவார்கள். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கிராம் சுண்ணாம்புச் சத்துத் தேவை. கிளிஞ்சல் துண்டுகளையும் சுண்ணாம்புக் கல்லின் குருணையையும் தீவனத்தில் கலந்து அதைக் கொடுக்கிறார்கள். கோழி கொத்தித் தின்னும். பச்சோந்தியோ அசையாத எதையும் தின்னாது. எனவே உயிருள்ள பூச்சியின் மேலேயே பொடியை மெல்லியதாகத் தூவிக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. பூச்சிகளை ஒரு பையில் இட்டுச் சிட்டிகைப் பொடி சேர்த்துக் குலுக்கினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்புப் பொடி என்றதும் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையோ, சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ எடுத்துவிடக் கூடாது. அது காரம் மிக்கது. வாயையும் கண்ணையும் வேகவைத்துவிடும். பயன்படுத்தத் தக்கது கால்சியம் கார்பனேட் என்னும் தூய பொடி, பாஸ்பரஸ் கலவாதது. வைட்டமின் சேராத இந்தப் பொடியைப் பொதுவாக ஏறக்குறைய ஒவ்வொரு வேளை உணவிலும் தூவலாம். வைட்டமின் டி-யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பொடியோ மாதத்தில் இரண்டு முறை போதும். இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ப இந்த அளவு மாறும். கால்நடை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு கணக்கு என்று கேட்கலாம். வைட்டமின் டி மிகுந்தால், சுண்ணாம்பு எலும்பில் மட்டும் படியாமல் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் படிந்துவிடும். வைட்டமின் ஏ குறைந்தால் இமைகள் வீங்கும், நாக்கின் பற்றும் ஆற்றல் தளரும். அது மிகுந்தாலும் தீங்கே. வெற்றிலை போடும் பெரியவர்கள் இதை நன்கு அறிவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் வாய் சிவக்காது. கூடினால் நாக்கு வெந்துவிடும். நல்ல பொருள் ஆயிற்றே என்று யாரும் அள்ளித் தடவிக்கொள்வதில்லை.

நான்காவது வெயில். ஊட்டுவது அனைத்தையும் ஊட்டிவிட்டு வெயிலை மறுத்தால், உழைப்பு வீணாகும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வளர்ப்போர் புற ஊதாக் கதிர் வீசும் விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். அந்த விளக்கின் வெளிச்சம் மங்குமுன்பே கதிரின் வலிமை குறைந்துபோகும். கண்ணுக்கு எரிகிறது என்று நம்பியிராமல், ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் பயன்படாது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நம் நாட்டில் வலைக் கூண்டைக் காலையில் சற்று நேரம் வெளியே வைத்தாலே போதும். ஆனால் பாதி நிழல் அவசியம். நிழல் இல்லாத வெயில் கொன்றுவிடும்.

எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை அந்தப் பிராணியே அறியும் என்பது இன்னும் வியப்பானது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2009-ல் வெளியாயிற்று. உணவில் வைட்டமின் டி குறைந்தவை புற ஊதாக் கதிரை நாடிச் சென்று அதிகம் காய்ந்தன. உணவில் அது நிறைந்தவை கதிரை விட்டு விலகியிருந்தன. தன் உடம்பின் குறையை உணர்ந்து ஈடு செய்துகொள்ளும் அறிவு அதற்குள்ளேயே இருக்கிறது. வெயிலுக்குச் செல்லவும் நிழலுக்குத் திரும்பவும் அதற்கு வழி இருக்க வேண்டும், அவ்வளவே. பெட்டிக்குள் அடைபட்ட பச்சோந்திக்கு அந்த அறிவு இருந்தும் பயனில்லை.

பெண் பச்சோந்தியிடம் மேலும் கவனம் வேண்டும். ஆண் துணை இல்லாவிட்டாலும் அது முட்டையிடக் கூடும். கொண்டைப் பச்சோந்தி ஒரே ஈட்டில் இருபது முதல் எழுபது முட்டைகள் வரை இடும். அவற்றுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தாய் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. அளவுக்கு மீறி உணவிட்டால் முட்டைகள் பெருகுகின்றன. தாய் தளர்ந்து மாண்டுபோவதும் உண்டு. அன்பின் மிகுதியால் ஊட்டி ஊட்டிக் கொல்வது என்பது இதுதான். முட்டையிட மண் தோண்டும் இடமும் கூண்டில் இருக்க வேண்டும். இல்லையேல் முட்டைகளை வெளியேற்ற முடியாமல் அது இறந்துவிடும்.

பச்சோந்தி வாய்விட்டுச் சொல்லாது என்றேன். ஆனால் உடம்பால் சொல்லும். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது, கண்கள் குழிவிழுவது, நாக்கு குறி தவறுவது, பிடி தளர்வது, தாடை மென்மையாவது, கால் வளைவது, எச்சத்தில் வெண்மையாக இருக்க வேண்டிய பகுதி ஆழ்ந்த மஞ்சளாவது ஆகிய இவை அதன் மொழி. கடைசிச் செய்தி நீர் போதவில்லை என்பதன் அறிகுறி. நாளுக்கு இரண்டு மூன்று முறை இலைகளின் மேல் நீர் தெளிக்க வேண்டும்; அல்லது மேலிருந்து நீர் சொட்டுமாறு அமைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது மிக நல்ல வழக்கம். கண் ஏமாந்தாலும் தராசு ஏமாறாது.

இத்தனையும் கேட்டபின், ஒரு சிறு பிராணிக்கு எவ்வளவு பாடு என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். கூண்டில் மனிதன் இத்தனை பாடுபட்டுக் கணக்கிட்டுச் செய்யும் காரியத்தை, எங்கள் ஊர் முள்வேலி ஒரு செலவும் இல்லாமல் செய்கிறது. ஆவாரம்பூவைத் தேடி வண்டும் ஈயும் வருகின்றன. இலையைத் தின்று வெட்டுக்கிளி வயிறு நிறைக்கிறது. விடியலில் பனி இறங்குகிறது. கிளையின் இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் நிழல். நம் நாட்டுப் பச்சோந்திக்கு நாம் அளிக்கக்கூடிய மிகச் சிறந்த ஆகாரம் அந்த வேலிதான்.

அந்த வேலிக்கு இப்போது ஆபத்து நேர்ந்திருக்கிறது. கிளுவை வேலியை அகற்றிக் கம்பி வேலி போடுகிறார்கள். 2018-ல் படைப்புழு என்னும் அயல்நாட்டுப் புழு இந்தியாவுக்குள் புகுந்து, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மக்காச்சோளத்தை நாசமாக்கியது. உழவர்கள் பூச்சிக்கொல்லியை நாடியதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளைந்ததைக் காக்காமல் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் தெளிப்பான் வயலின் வரப்போடு நிற்கலாம். வேலியின் மேலும் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. வேலியில் உள்ள பச்சோந்தியும் ஓணானும் கும்பிடுபூச்சியும் கூலி கேளாமல் பூச்சி பிடிப்பவை. நஞ்சுண்ட வெட்டுக்கிளி அவற்றின் வயிற்றுக்குப் போனால், மறுபருவத்தில் அந்த உதவியும் நமக்கு இல்லை.

குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. பச்சோந்தியிடம் நஞ்சு இல்லை. அது உங்களைப் பார்த்துச் சீறினால், வாயைத் திறந்து நிறம் கறுத்தால், அச்சத்தால் செய்வதே. அதைக் கல்லால் அடிக்காதீர்கள். பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம். சாலையைக் கடக்கக் கண்டால், ஒரு குச்சியை நீட்டினால் ஏறிக்கொள்ளும். எந்தத் திசையில் சென்றதோ அந்தத் திசையின் செடியிலேயே விட்டுவிடுங்கள். அடிபட்டதைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அது உண்பதைப் பார்க்க ஆசை இருந்தால், காலையில் வேலியருகே சத்தமின்றி அரைமணி நேரம் நில்லுங்கள். பொறுமையுள்ளவருக்கு அந்தக் காட்சி கிட்டும்.

ஒரு பிராணியை வளர்ப்பவன் அதன் பசியை ஏற்றுக்கொள்கிறான். வாயுள்ள பிராணி கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்கத் தெரியாத பிராணியின் பசியை அறிவால்தான் அறிய வேண்டும். பரிவு மட்டும் அதற்குப் போதாது. கூண்டில் பச்சோந்தி வைத்திருப்போர் பூச்சி, பொடி, நீர், வெயில் ஆகிய நான்கையும் அளவறிந்து கொடுங்கள். கூண்டு இல்லாதவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கையையும், வயலோரத்தில் நாலு ஆவாரஞ்செடியையும் வெட்டாமல் விட்டுவையுங்கள். அதுவும் உணவிடுவதே ஆகும்.